கர்னல் வில்க்ஸ் ஏன் ஸ்காட்லாந்தில் இறந்தார்? ஒரு கொடிவழியும் 2,340 ரூபாயும்

வணக்கம் நண்பர்களே. கர்னல் மார்க் வில்க்ஸின் குடும்பத்தைப் பற்றி இனி உருப்படியான செய்தி கிடைத்தால்தான் பேசுவேன் என்று சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். இன்று காலை பதினொரு மணிக்கு அந்தச் செய்தி மின்னஞ்சலில் வந்தது. 1793ஆம் ஆண்டு சென்னையில் நடந்த அவருடைய திருமணத்தின் பதிவு, சரியான பக்கம், முழுமையாக, என் கைக்குக் கிடைத்துவிட்டது. மதிய உணவைத் தள்ளிவைத்துவிட்டு நேராக ஒளிப்படக்கருவியின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

‘சரியான பக்கம்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நகலெடுப்புச் சேவைக்கு ஏழு வாரங்களுக்கு முன் 2,340 ரூபாய் கட்டியிருந்தேன். பதிவேட்டின் எண், ஆண்டு, பக்க எண், மணமகன் பெயர் ஆகிய நான்கையும் தெளிவாக எழுதி அனுப்பியும், அவர்கள் எனக்குக் கொடுத்தது அதற்கு முந்தைய பக்கம். மறுபடியும் கட்டணம் கட்டினால்தான் அடுத்த பக்கம் கிடைக்கும் என்று பதில் எழுதினார்கள். முறையாகப் படியெடுக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டாம் முறை பணம் தருவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் விண்ணப்பத்தின் நகலையும் அவர்கள் அனுப்பிய படத்தையும் அடுத்தடுத்து வைத்து, பக்க எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, கூடுதல் கட்டணம் ஒரு பைசாகூட வாங்காமல் பக்கத்தை அனுப்பிவிட்டார்கள். பணம் பெரிதல்ல. ஆனால் விண்ணப்பத்தின் நகலை நான் வைத்திருக்காவிட்டால் அந்த வாதத்தை வென்றிருக்க முடியாது என்பதால், ஆவணங்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் தாம் அனுப்பும் விண்ணப்பத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஓரிரு சொற்கள். மார்க் வில்க்ஸ் 1759இல், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, திப்புவுடன் நடந்த போரில் பணியாற்றி, 1803 முதல் 1808 வரை மைசூர் அரசவையில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்தார். அப்போது அங்கே திவானாக இருந்தவர் பூர்ணையா. தென்னிந்தியாவைப் பற்றி, குறிப்பாக மைசூரைப் பற்றி, 1810க்கும் 1817க்கும் இடையில் மூன்று பெரும் தொகுதிகளாக வரலாறு எழுதினார். 1813இல் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநரானார். நெப்போலியனைக் கைதியாக அங்கே கொண்டுவந்து இறக்கிய 1815 அக்டோபரில் தீவு அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சர் ஹட்சன் லோ வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1831இல் ஸ்காட்லாந்தின் பெரிக்‌ஷயரில், கெல்லோ என்ற மாளிகையில் வில்க்ஸ் இறந்தார்.

அந்தக் கடைசி வரிதான் ஏழு மாதங்களாக என்னைத் தூங்கவிடவில்லை. பிறந்தது ஐல் ஆஃப் மேன். நிலம் வாங்கிக் குடியேறியதும் அதே தீவில், டக்ளஸ் நகரை ஒட்டிய கிர்பி என்ற எஸ்டேட்டில். அப்படியிருக்க, அவர் ஏன் ஸ்காட்லாந்தில் இறந்தார்? பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் ஒன்றாக இருந்து இறந்த ஊர் மட்டும் வேறாக இருந்தால், அந்த இடைவெளியில் கொடிவழியின் ஒரு கிளை மறைந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

வழக்கம்போல் இறுதியிலிருந்து தொடக்கத்தை நோக்கித் தேடினேன். முதலில் எடுத்தது, நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய டாட்வெல்–மைல்ஸ் பட்டியல். 1760 முதல் 1834 வரை இந்தியப் படைகளில் இருந்த அதிகாரிகளின் பெயர்களை அகர வரிசையில் தந்து 1838இல் வெளியான நூல் அது. ஒவ்வொருவரும் எந்த ஆண்டு கேடட் (பயிற்சி நிலை அதிகாரி) ஆனார், எப்போது எந்தப் பதவிக்கு உயர்ந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும் அந்த நூலைவிட எனக்குப் பிடித்த நூல் கிடையாது. ஆனால் அந்த வரியில் தந்தை பெயரும் தாய் பெயரும் இருக்காது.

தந்தை பெயருக்குக் கேடட் விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, இந்திய நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் அலுவலகமான இந்தியா ஆபீஸின் ஆவணங்களில், எல்/மில்/9 என்ற வரிசையில் இருக்கின்றன. கம்பெனிப் படையில் சேர விரும்பிய இளைஞர்கள் தங்கள் திருமுழுக்குச் சான்றிதழை அதில் இணைத்திருப்பார்கள் என்பதால், குடும்பம் தேடுகிறவர்களுக்கு அது பொற்குவியல். வில்க்ஸைப் பொறுத்தவரையில் அது கைகொடுக்கவில்லை. அந்த விண்ணப்பங்கள் 1789இலிருந்துதான் தொடர்ச்சியாக உள்ளன, அவரோ 1781இல் சேர்ந்துவிட்டார். எட்டே ஆண்டு வித்தியாசத்தில் ஒரு சான்றிதழை இழப்பது எவ்வளவு வேதனையானது என்பது இந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே கப்பலை ஐல் ஆஃப் மேன் தீவுக்கே திருப்ப வேண்டியிருந்தது. அவருடைய தந்தை ஜேம்ஸ் வில்க்ஸ், கிர்க் மைக்கேல் என்ற வட்டத்தின் குருவானவர். அத்தீவின் ஆயர் வசித்த பிஷப்ஸ்கோர்ட் மாளிகையும் அந்த வட்டத்தில்தான் இருந்தது. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஆயர் ஹில்ட்ஸ்லியின் முயற்சியால் விவிலியம் அத்தீவின் மாங்க்ஸ் மொழியில் பெயர்க்கப்பட்டபோது, அப்பணியில் ஈடுபட்ட குருமார்களில் ஜேம்ஸ் வில்க்ஸும் ஒருவர். சிறியதொரு மொழிக்காக உழைத்த தந்தையின் மகன், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மைசூரில் உட்கார்ந்து சுவடிகளையும் வாய்மொழிகளையும் திரட்டி வரலாறு எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தபோது, அந்த மூன்று தொகுதிகளை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

ஒன்றை முன்னரே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மார்க்கையும் குருவாக்கவே எண்ணிப் படிக்கவைத்தார்கள். அவர் சென்னைக்குக் கிளம்பியபோது வயது இருபதைக் கடந்திருந்தது. பதினாறு வயதில் கேடட்டாக வந்து இறங்குவது வழக்கமாக இருந்த காலத்தில், இது தாமதமான வருகை. ஆண்டுக் கணக்கை வைத்து இவர் வேறொரு வில்க்ஸாக இருக்கலாம் என்று நான் தொடக்கத்தில் ஐயப்பட்டதற்கும், இரண்டு வாரங்களை அதில் செலவிட்டதற்கும் இதுவே காரணம்.

ஐல் ஆஃப் மேன் பதிவேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை அழித்துவிடமாட்டார்கள். கணவர் பெயரை எழுதி, ‘அலயஸ்’ (மறுபெயர்) என்ற சொல்லைச் சேர்த்து, தந்தை வழிப் பெயரையும் உயிலிலும் அடக்கப் பதிவிலும் எழுதிவைத்தார்கள். இங்கிலாந்துப் பதிவேடுகளில் ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதிப் பெயரையே விட்டுவிடும் கொடுமையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கு, இந்த ஒற்றைச் சொல் பாலைவனத்தில் கிணறு. உயில்களைத் தேடும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டின் ஒரு பாதியில் ஆயரின் நீதிமன்றமும், மறுபாதியில் ஆயருக்கு அடுத்த நிலையிலிருந்த ஆர்ச்டீக்கனின் நீதிமன்றமும் உயில்களை ஏற்றுக்கொண்டதால், ஒன்றில் இல்லையென்றால் உயிலே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி இன்று வந்த பக்கத்துக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருமார்கள் தங்கள் பதிவேட்டில் எழுதினார்கள். அவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அந்தப் படிகளே இந்தியா ஆபீஸில் என்/2 வரிசை. என்/1 வங்காளம், என்/3 பம்பாய், செயின்ட் ஹெலினாவுக்கு என்/6. இவை மூலமல்ல, எழுத்தர் படியெடுத்தவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுத்தர் கண்ணுக்கு ‘கே’ தவறினால் ஆள் மாறிவிடுவார். அதனால் வில்க்ஸ், வில்கீஸ், வில்க், வில்ஸ் என எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடினேன். மணமகள் பெயரை மக்லீன், மக்லேன், மெக்லீன் என்று எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஹாரியட் மக்லீன். இதோ, இந்தப் படத்தில், அவர் கணவர் பெயருக்குக் கீழே இருக்கிறது. அக்காலத்துச் சென்னைத் திருமணப் பதிவில் பெற்றோர் பெயர்கள் கிடையாது என்பதால் அவ்வளவுதான் கிடைத்தது. ஆனாலும் அந்த ஒரு பெயருக்கு 2,340 ரூபாய் தகும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஏன் தகும் என்றால், இணையத்தில் உலவும் கொடிவழிகள் மூன்றில் வில்க்ஸின் மகள் லாராவுக்குத் தாயாக டாரதி டாப்மன் பெயர் போடப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். டாரதி அவருடைய இரண்டாம் மனைவி. டக்ளஸ் அருகில் நன்னரி என்ற மாளிகையில் வாழ்ந்த டாப்மன் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தத் திருமணம் நடந்தது 1813இல். நெப்போலியன் செயின்ட் ஹெலினாவுக்கு வந்தது 1815இல், அப்போது லாரா வளர்ந்த இளம்பெண். அவருடைய அழகை நேரில் கண்டவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். 1813இல் மணம் முடித்தவருக்கு 1815இல் மணப்பருவ மகள் எப்படி இருக்க முடியும்? செயின்ட் ஹெலினா நினைவுக்குறிப்புகளில் ‘திருமதி வில்க்ஸும் மகளும்’ என்று சேர்த்து எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து யாரோ ஒருவர் செய்த ஊகத்தை மற்ற இருவரும் அப்படியே படியெடுத்திருக்கிறார்கள். ஆவணத்தைக் காட்டாமல் அடுத்தவர் கொடிவழியை நகலெடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஒரு பெண்ணின் தாயையே அது பறித்துவிட்டது.

லாரா யாருடைய மகள் என்பது தெளிவானவுடன் கெல்லோவின் பூட்டும் திறந்துவிட்டது. அவர் பின்னாளில் ஜெனரல் சர் ஜான் பக்கனை மணந்தார். கெல்லோ பக்கன் குடும்பத்தின் மாளிகை. கர்னல் வில்க்ஸ் இறந்தது மகள் புகுந்த வீட்டில். ஏழு மாதங்களாக வரைபடத்தில் ஒட்டாமல் கிடந்த ஊர், ஒரு தந்தை மகளைப் பார்க்கச் சென்ற ஊராகிவிட்டது. மூன்று தொகுதிகளில் அரசர்களையும் படையெடுப்புகளையும் எழுதியவரின் கடைசி முகவரியை அவருடைய எந்தப் பதவியும் விளக்கவில்லை, மகளின் திருமணமே விளக்கியது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. கொடிவழியில் லாராவின் பெட்டிக்குப் பக்கத்தில் நான் பச்சை மையால் எழுதியிருப்பது தெரிகிறதா? 1875. ஐல் ஆஃப் மேனின் காசில்டவுனில் பெண்களுக்காக ஒரு பள்ளி தொடங்க லேடி லாரா பக்கன் உதவிய ஆண்டு அது. அவர் பெயரால் பக்கன் பள்ளி என்றே அது அறியப்படுகிறது. தந்தையின் பெயர் வரலாற்று நூலகங்களில் இருக்க, மகளின் பெயரைத் தீவில் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த விண்ணப்பத்தை இன்றிரவே அனுப்புகிறேன். லாராவின் திருமுழுக்கைச் சென்னைப் பதிவேட்டில் தேடச் சொல்லிப் பலர் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். 1795 வாக்கில் வில்க்ஸ் உடல்நலக் குறைவால் விடுப்பில் தாயகம் சென்றார். 1798க்குப் பிறகு ஆளுநர் லார்ட் கிளைவின் செயலாளராகச் சென்னையில் இருந்தார். ராபர்ட் கிளைவின் மகனைச் சொல்கிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம். 1815இல் லாராவுக்குப் பதினெட்டு வயதை ஒட்டி இருந்திருந்தால், பிறப்பு அந்த விடுப்புக் காலத்தில் விழுகிறது. எனவே முதலில் தேட வேண்டியவை கிர்க் மைக்கேல், பிராடன் வட்டங்களின் பதிவேடுகள். பக்க எண்ணை இம்முறை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி அனுப்பப் போகிறேன்.