உரிமம் பெற்ற முதல் ஆண்டும் ஒரு தகடும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்றவர்கள் தங்கள் காரில் அதற்கென ஓர் அடையாளத் தகட்டை மாட்ட வேண்டுமா என்ற கேள்வி என் முன் வைக்கப்பட்டிருக்கிறது. மாட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆயினும் அந்தத் தகடு யாரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில், அதை ஆதரிப்பவர்கள் பலரோடு எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டும் வண்டியின் முன்னும் பின்னும், வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது என்று அளவுகூட வகுத்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், உடன் அமர்ந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் கார் என்றால் அவருடைய காலடியில் தனி பிரேக்கே இருக்கும். இத்தனை காவல் இருக்கும் வரையில் ஊர் முழுவதற்கும் அறிவிப்பு உண்டு. குறைந்தது 30 நாள் பழகி, தேர்வில் தேறி, பக்கத்தில் ஒருவருமின்றி சென்னையின் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் லாரிக்கும் ஆம்னி பேருந்துக்கும் நடுவே முதன்முறையாக நுழையும் நாளிலோ அவருடைய வண்டியில் எந்த அடையாளமும் இருப்பதில்லை.

அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதையும் நாம் அறிவோம். இருசக்கர வாகனம் என்றால் கால் ஊன்றாமல் 'எட்டு' போட வேண்டும். கார் என்றால் ஆய்வாளரின் கண் முன்னே சிறிது தூரம் ஓட்டிக் காட்ட வேண்டும். எதிரே வருபவர் முகப்பு விளக்கை இறக்காத இரவையும், கண்ணாடி மங்கும் ஐப்பசி மழையையும், இணைப்புச் சாலையிலிருந்து நாற்கரச் சாலைக்குள் நுழையும் அந்தச் சில நொடிகளையும் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சோதித்துப் பார்ப்பதில்லை. அவற்றையெல்லாம் உரிமம் வாங்கிய பின்னர்தான் சாலையிலேயே கற்க வேண்டியிருக்கிறது. ஒருவர் உடனிருந்து பழக்கும் காலத்தில் விபத்து குறைவாகவும், தனியே ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் மிக அதிகமாகவும் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பதில் வியப்பொன்றுமில்லை.

மற்ற நாடுகள் இந்த இடைவெளியைப் பலவாறாக அடைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் புதிய ஓட்டுநர் ஓராண்டுக்குத் தகட்டை ஒட்ட வேண்டும். அந்த ஓராண்டில் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். மலேசியாவில் 'பி' எழுத்துக்கு இரண்டாண்டு. வடக்கு அயர்லாந்தில் 'ஆர்' தகடு மாட்டியவர் மணிக்கு 45 மைலைத் தாண்டக் கூடாது என்ற விதி நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு: தகட்டை மாட்டியவரைத்தான் இவை கட்டுப்படுத்துகின்றன. வேகத்தைக் குறை, தவறு செய்யாதே, செய்தால் உரிமம் போகும் என்கின்றன.

ஜப்பான் இன்னொரு படி சென்றது. 1972 முதல் அங்கே, பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக இளந்தளிர் போன்ற வடிவில் ஒரு சின்னம் வழக்கில் இருக்கிறது. உரிமம் பெற்ற ஓராண்டு வரை காரின் முன்னும் பின்னும், தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல், 120 சென்டிமீட்டருக்குள் அதை மாட்ட வேண்டும். மாட்டாதவருக்கு அபராதம் உண்டு. அதோடு, அந்தச் சின்னம் உள்ள வண்டியைப் பக்கவாட்டில் நெருக்குகிறவருக்கும், அதன் முன்னே குறுக்கே புகுகிறவருக்கும், ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாமல் செய்தாலன்றி, தண்டனை உண்டு. நாம் கவனிக்க வேண்டியது இந்தப் பாதியைத்தான். சிக்னலில் ஒருமுறை வண்டி அணைந்துபோனால் பின்னாலிருந்து எழும் ஹாரன் ஓசையை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுபவர் பெண்ணாக இருந்துவிட்டால் ஹாரனோடு வசவும் சேர்ந்து வரும். அந்த ஓசையில் பதறித்தான் புதியவர் கிளட்சைச் சட்டென்று விடுகிறார், இண்டிகேட்டரை மறக்கிறார், கண்ணாடியைப் பாராமல் தடம் மாறுகிறார். பின்னால் வருபவரை அடக்காத தகட்டை நம் சாலையில் மாட்டினால், இளைத்தவன் இவன் என்று அறிவித்ததாகவே முடியும்.

தகடு மாட்டினால் அவமானம், வம்பு வரும் என்று தடை சொல்வோருக்கும் இதுவே என் பதில். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2010ஆம் ஆண்டு, 21 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர்கள் எண் பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, உள்ளே இருப்பது சிறுவர் என்று தீயவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஓராண்டில் அவ்வகை ஓட்டுநர்களின் விபத்து ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்ததாக, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனாலும் அந்தப் பெற்றோர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதனால்தான் நம் தகடு வயதைக் குறிக்காமல் உரிமத்தின் வயதை மட்டும் குறிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்ற தாத்தாவுக்கும் கல்லூரிப் பேத்திக்கும் ஒரே தகடு.

ஒரு வீட்டில் ஒரு காரை நால்வர் ஓட்டுவார்களே என்ற கேள்வி எளிது; காந்தம் வைத்த தகடாக இருந்தால் ஓட்டுபவர் மாறும்போது எடுத்துவிடலாம். கடினமான கேள்வி இருசக்கர வாகனம். நம் சாலைகளில் பெரும்பான்மை அதுதான். ஜப்பானிலும் மோட்டார் சைக்கிளுக்கு இந்தச் சின்னம் கட்டாயமில்லை. நாமும் காரில் தொடங்குவோம். அது பழக்கத்துக்கு வந்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

மத்திய விதிகளில் திருத்தம் வரும்போது ஒன்றை மட்டும் மறவாமல் சேர்க்க வேண்டும். தகட்டில் அது முடிவுறும் மாதமும் ஆண்டும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். அந்தத் தேதி கடந்தும் கழற்றாதவருக்கு, மாட்டாதவருக்கு உள்ள அதே அபராதத்தை விதிக்க வேண்டும். சிவப்பு ஸ்டிக்கர் 'எல்' வெளுத்து வெண்மையாகும் வரை காரில் ஒட்டியிருப்பதை நாம் பார்க்கிறோம். எல்லாக் காரிலும் தொங்கும் தகட்டுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள்.