டயஸின் புகழ் எதில் நிலைத்திருக்கிறது?

வணக்கம். நேயர் ஒருவர், "இந்தியாவுக்கான கடல்வழியைத் திறந்துவிட்டவர் பார்த்தலோமியோ டயஸ் என்றால், பெருமையெல்லாம் வாஸ்கோடகாமாவுக்கே போனது ஏன்? டயஸின் பெயர் இன்றும் நிற்பதற்கு என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறார். பலருக்கும் எழ வேண்டிய கேள்வி இது.

1487 ஆகஸ்டில் இரண்டு பாய்க்கப்பல்களோடும் உணவுப்பொருள் ஏற்றிய ஒரு சிறு கப்பலோடும் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட போர்ச்சுகீசிய மாலுமி டயஸ், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே சென்றுகொண்டிருந்தபோது, புயலில் சிக்கிக் கரையின் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அடித்துச் செல்லப்பட்டார். காற்று தணிந்தபின் கிழக்கே திரும்பிப் பார்த்தார், கரை தென்படவில்லை. வடக்கே திரும்பியபோது தென்பட்ட கரையோ மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடந்தது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் எந்த முனையைத் தேடி வந்தாரோ, அதைக் காணாமலேயே அவர் கடந்துவிட்டிருந்தார். 1488 பிப்ரவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் இன்றைய மொசல் விரிகுடாவை அடைந்தார். அங்கே தண்ணீர் எடுக்கும்போது மூண்ட பூசலில், அப்பகுதியின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்களில் ஒருவரை அவர் குறுக்குவில்லால் கொன்றதையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. மேலும் கிழக்கே சென்றபின், களைத்துப்போன மாலுமிகள் தொடர மறுத்ததால் திரும்ப நேர்ந்தது. அந்த முனையை அவர் கண்டது திரும்பும் வழியில்தான்.

இனி காமாவின் பங்குக்கு வருவோம். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்த அவருடைய கப்பல்களைக் கட்டும் பணியை மேற்பார்வையிட்டவர் டயஸ்தான். ஆனால் பயணத் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. வழியில் சிறிது தூரம் மட்டுமே உடன் சென்றார். சரக்கோடும் செய்தியோடும் இந்தியாவிலிருந்து மீண்டவருக்கே பட்டமும் செல்வமும் கிடைத்தன. வாழ்ந்த காலத்துப் புகழில் டயஸ் பின்தங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

பிற்காலப் புகழோ அந்த முனையிலிருந்தே பிறந்தது. டயஸ் அதற்குப் 'புயல் முனை' என்று பெயரிட்டதாகவும், இரண்டாம் ஜான் மன்னர் அதை 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றியதாகவும் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதினார். டயஸே இரண்டாவது பெயரை வைத்தார் என்ற குறிப்பும் உண்டு. 1500இல், கப்ரால் தலைமையிலான கப்பல்படையோடு சென்றபோது, அந்த முனைக்கு அருகிலேயே புயலில் கப்பலோடு மூழ்கி டயஸ் மாண்டார். காமோயிஷ் என்னும் கவிஞர் 1572இல் வெளியிட்ட காப்பியத்தில், அடமாஸ்டர் என்ற பூதமாகவே அந்த முனை எழுந்து நின்று, தன்னைக் கண்டுபிடித்தவனைப் பழிவாங்கப்போவதாகச் சூளுரைக்கிறது. காமாவின் பயணத்தைப் பாட வந்த காப்பியத்திலேயே, பெயர் சொல்லப்படாமல், டயஸின் மரணம் இடம்பெற்றுவிட்டது. எந்த அரச பட்டமும் இவ்வளவு நீடித்திருக்காது.

என்னை மிகவும் நெகிழவைப்பது வேறொன்று. திரும்பும் வழியில், குவாய்ஹுக் என இன்று வழங்கும் கடற்கரை மேட்டில், 1488 மார்ச்சில் அவர் சிலுவை தாங்கிய ஒரு கல்தூணை நாட்டினார். நாடுகடத்தப்பட்ட மகனை என்றென்றைக்குமாக விட்டுப் பிரிவதைப் போன்ற துயரத்தோடு அதைவிட்டு நீங்கினார் என்கிறார் பாரோஸ். அந்தத் தூண் உடைந்து சிதறிப்போயிருந்தது. 1938இல் எரிக் ஆக்சல்சன் என்னும் வரலாற்று ஆய்வாளர் அதன் துண்டுகளைத் தேடியெடுத்தார். ஒன்றுசேர்க்கப்பட்ட அந்தத் தூண் ஜோஹன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.