பெண்ணையாற்றங்கரைக் காவேரிப்பட்டணம்

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போகிற நம்மில் பலருக்குக் காவேரிப்பட்டணம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர்தான். நின்றால் நிப்பட்டுப் பலகாரம் ஒரு பாக்கெட் வாங்குவோம், கிளம்பிவிடுவோம். ஒரு நாளாவது அங்கே இறங்கி நடந்து பாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பெயரில் காவேரி இருந்தாலும் ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. மைசூர்ச் சீமைக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே இருந்த பாராமகால் பகுதி இது. அதனால் வணிகமும் வந்தது, படையும் வந்தது. 1767இல் முதல் மைசூர்ப் போர் மூண்டபோது ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்கும் நடந்த மோதலில் இந்த ஊர்க் கோட்டையும் சிக்கியது. 1792இல் திப்பு பாராமகாலையே கும்பினிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் போவதானால் மகா சிவராத்திரிக்கு மறுநாள், மாசி அமாவாசையன்று போங்கள். அன்று மயானக் கொள்ளைத் திருவிழா. அதன் கதை இது: சிவன் கையில் பிரம்மனின் கபாலம் ஒட்டிக்கொண்டு, அவருக்கு விழுகிற பிச்சையை எல்லாம் தானே தின்றுவிடுகிறது. அங்காளம்மன் மயானத்தில் சோற்றைச் சூறை விடுகிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்க, அம்மன் அதை மிதித்து அடக்குகிறாள். அந்தக் கதைதான் அன்று தெருவில் நடக்கிறது. காளி வேஷம் கட்டியவர்கள் பம்பைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு முன்னால் போக, அம்மன் பின்னால் வருகிறாள். மயானத்தில் சுண்டல், கொழுக்கட்டை, தானியம், காய்கறி, சில்லறை எல்லாம் கூட்டத்துக்குள் பறக்கும். விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து இறைக்கிற விவசாயிகள் உண்டு. நான் போனபோது பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார். நான்கைந்து அவரைக்கொட்டைதான் விழுந்தது. அதையும் முடிந்துகொண்டு, "விதைக் குதிருல போட்டுருவேன் கண்ணு" என்றார்.

கூட்டம் பயமாக இருந்தால் வேறொரு நாள் காலையில் போகலாம். பக்கத்திலேயே பெண்ணேஸ்வரமடம். ஆற்றங்கரைச் சிவன் கோயில், பழைய கல்வெட்டுகள், நடுகற்கள். அவசரப்படாமல் பாருங்கள், நம் ஊர்ப் பக்கத்து வரலாறு அந்தக் கற்களில்தான் இருக்கிறது.

அப்புறம், நிப்பட்டு. சென்னைக்காரர்கள் தட்டை என்பார்கள். அரிசி மாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை. வீட்டு வேலையாகவே இதைத் தட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பாக்கெட்டாக வாங்காதீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு கேளுங்கள். காகிதத்தில் வைத்துத் தருவார்கள், அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.