ஊருக்கு ஓர் அடைக்கல அறை வேண்டும்

(முக்கூடலில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, பீடித்தட்டை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தலுக்கு மின்சாரம் தந்த எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தனியே நன்றி.

சட்டம், காகிதம், அறை என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பார்கள் நம் பெரியவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவளின் சொல் வாசற்படியைக்கூடத் தாண்டுவதில்லை. அதைத் தாண்டவைக்கத்தான் 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அடி உதை மட்டுமல்ல; ஏச்சு, மிரட்டல், கூலியைப் பிடுங்குவது எல்லாமே வன்முறைதான் என்கிறது அது. மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கை எழுதி நீதிமன்ற நடுவருக்கு (மாஜிஸ்ட்ரேட்) அனுப்புவார். நீங்களே நேரிலும் மனு கொடுக்கலாம். கணவன் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அந்த ஊர் நீதிமன்றம் போதும். 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் இழுத்துக்கொண்டே போகும். அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு வழக்கறிஞர் இலவசம், சட்ட உதவி எண் 15100-இல் கேட்கலாம்.

இனி காகிதம். பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். வாரக்கூலியைக் கேட்டுப் புருஷன் கையை முறித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன மதினி, “ஏட்டி, குடும்ப மானம் போயிரும், வழுக்கி விழுந்தேன்னு சொல்லு” என்றாள். இவளும் அப்படியே சொன்னாள். டாக்டர் காயப் பதிவேட்டில் அதையே எழுதினார். பிறகு ஒரு ராத்திரி இரண்டு பிள்ளைகளோடு உடுத்திய சேலையுடன் கிளம்பிவிட்டாள். ஆதார், ரேஷன் அட்டை, பீடி பாஸ்புக் எல்லாம் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பீடிக் கடைக்காரர் பாஸ்புக் இல்லாமல் இலையும் தூளும் தரமாட்டேன் என்றார். இலை இல்லையென்றால் கூலி ஏது? தாய்வீட்டில் அண்ணி முகம் சுளித்தாள். ஒரு வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப்போனாள். ஊர், “அவளே போயிட்டால்லா, அப்ப பெரிசா ஒண்ணுமில்ல” என்றது. அடுத்த முறை காவல் நிலையம் போனபோது முறிந்த கைக்கு ஆதாரமாகக் கேட்ட ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘வழுக்கி விழுந்தார்’ என்றிருந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது, தாய்மார்களே. அவள் கொண்டுபோன காகிதமே அவளை இறக்கிவிட்டது.

ஆகவே டாக்டரிடம் அடித்தது யார், எதனால் அடித்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள், ஏ.ஆர். என்கிற அந்தக் காயப் பதிவேட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். சமரசக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், வாசித்துக் காட்டச் சொல்லி, வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாஸ்புக், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகைக்கடை ரசீது இவற்றின் நகல்களை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்கள் பத்திரிகையையும் போட்டோவையும் சேர்த்து வைக்கவேண்டும்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, மனநல ஆலோசனை, 5 நாள் வரை தங்க இடம் எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு திசையன்விளைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் அங்கே எப்படிப் போவாள்? விடியும்வரை இருக்கத்தான் ஊரிலேயே ஓர் அறை கேட்கிறோம். மகளிர் குழுக் கட்டடம் ராத்திரியில் பூட்டித்தானே கிடக்கிறது!

அறைக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம். கழிப்பறை அறையை ஒட்டியே இருக்கவேண்டும், ராத்திரியில் வெளியே வந்தால் வம்பு. இரண்டு பாய், குடிதண்ணீர், பால்பவுடர், நாப்கின், போன் சார்ஜர் போதும். கதவின் உட்புறத்தில் 181, அவசர போலீஸ் உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சாவி வெவ்வேறு தெருவில் இரண்டு பெண்களிடம் இருக்கவேண்டும். ஒருவரிடமே இருந்தால், அவர் அடித்தவனுக்குச் சொந்தமாகப் போகும் நாளில் கதவு திறக்காது. வந்தவளின் பெயர் எழுதிய நோட்டை மேசைமேல் போட்டுவைக்காதீர்கள். அவள் உள்ளே போனதுமே 112-க்குச் சொல்லிவிடுங்கள். வாசலில் ஆட்கள் கூடிய பிறகு சொன்னால் தாமதம். காலையில் சேவை மையத்துக்குத் துணையோடு அனுப்பிவிடவேண்டும். இரண்டாம் நாளும் வைத்துக்கொண்டால் ஊர்ப் பஞ்சாயத்து உள்ளே நுழைந்துவிடும்.

அடைக்கலம் கொடுத்தால் நம்மேல் வழக்கு வருமோ என்று பயப்படாதீர்கள். வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர்மேல் வழக்கு நிற்காது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஏழை சொல் அம்பலம் ஏறவேண்டுமானால் விடியும்வரை அவள் உயிரோடு இருக்கவேண்டும், அதற்குத்தான் இந்த அறை.

உறுப்பினர்களே, அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். தாய்மார்களே, போகும்முன் வெவ்வேறு தெருவிலிருந்து இரண்டு பேர் சாவி வைத்துக்கொள்ளப் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு செவிலியர் அம்மாவிடம் இருக்கிறது. வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி. வணக்கம்.