ஒடிந்த கடைசல் காலுக்கு ஜோடி கடைவது எப்படி?

[காட்சி: மேசைமேல் இரண்டாக ஒடிந்த கடைசல் கால். பக்கத்தில் பென்சில்.]

வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய மாடி வீடு. கீழே திண்ணையும் தாழ்வாரமும். மாடி பிரெஞ்சுப் பாணி. அந்த வீட்டு மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் 24 கால்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. வீட்டம்மா துண்டுகளைத் துணிப்பையில் போட்டு எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து, "அண்ணா, இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்றார்.

முதல் வேலை, துண்டின் ஒரு முனையில் "மேல்" என்று எழுதுவது. சிரிக்காதீர்கள், காரணம் பின்னால் வரும்.

அடுத்து, டேப்பைப் பையில் வைத்துவிடுங்கள். நம் ஆசாரிகளுக்கு எட்டு நூல் ஓர் அங்குலம். பழைய பிரெஞ்சு அங்குலமோ 27 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் அங்குலம் 25.4. பிரான்சில் 1840 முதல் மீட்டர் கட்டாயமானது. இந்தக் காலைக் கடைந்தவர் எந்தக் கோலைப் பிடித்தார் என்று யார் கண்டது? அளவு முழு எண்ணில் வரவில்லையே என்று அதைத் திருத்தினால் அங்கேயே தவறு தொடங்கிவிடும்.

[காட்சி: படிக்கட்டு. நிற்கும் காலின்மேல் ஒரு மெல்லிய பட்டைக் குச்சி.]

எண்ணுக்குப் பதில் குச்சி. ஒடிந்த இடத்தில் சிம்பு போயிருக்கும், அதனால் துண்டை மட்டும் நம்பாமல் வீட்டுக்கே போய், இடைவெளிக்கு இருபுறமும் நிற்கும் கால்களைப் பாருங்கள். குச்சியைக் காலோடு ஒட்டி வைத்து, மணி (உருண்டை வளையம்), கழுத்து (ஒடுங்கிய இடம்), குடம் (பருத்த வயிறு) ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் கோடு கிழியுங்கள். இரண்டு கால்களும் ஒன்றுபோல இருக்காது; கண்ணளவில் கடைந்தவை. இரண்டுக்கும் நடுவே போனால் போதும். பல தடவை அடித்த பெயிண்ட் மணிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பியிருக்கும். ஓரிடத்தில் மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு அளவெடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

[காட்சி: குடத்தின் வயிற்றில் காலிப்பர் (தடிமன் அளக்கும் கவைக்கருவி), அதைக் கால் பங்கு சுற்றித் திருப்புகிறோம்.]

இப்படிப் பிடித்தால் 44 மில்லிமீட்டர். திருப்பிப் பிடித்தால் 43.5. கடைந்தவர் கை கோணியதாக நினைக்க வேண்டாம். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. கடைந்த நாளில் வட்டமாக இருந்தது காய்ந்தபின் முட்டை வட்டமாகிவிட்டது. நான் எப்போதும் பெரிய அளவையே எடுக்கிறேன்.

மரத்தைப் பொறுத்தவரை நான் ஒரு தடவை சூடுபட்டவன். ஐப்பசி அடைமழையில் மரம் வாங்கி, வாங்கிய அன்றே கடைந்து மாட்டினேன். இறுக்கமாக உட்கார்ந்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. கத்திரி வெயிலில் கூப்பிட்டார்கள்: படியேறும்போதெல்லாம் கால் கடகடவென்று ஆடுகிறதாம். இப்போது நேர் ரேகையுள்ள பழைய உத்திரத் தேக்குதான் தேடுகிறேன். அதையும் சில வாரம் அந்த வீட்டிலேயே போட்டுவைத்த பிறகே தொடுகிறேன்.

[காட்சி: சுழலும் மரம். குச்சியைக் காட்டிப் பென்சில் கோடுகள்.]

கடைவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோடுகளை மரத்துக்கு மாற்றி, ஒவ்வொரு கோட்டிலும் காலிப்பர் நுழையும்வரை பள்ளம் வெட்டி, நடுவில் மிஞ்சியதை உளியால் வளைத்து எடுக்க வேண்டும். உப்புத்தாளை மணிகளின் விளிம்பில் அழுத்தாதீர்கள். உளி கொடுத்த கூர்மை இரண்டே தேய்ப்பில் மழுங்கிவிடும்.

மாட்டுவதில்தான் பலர் கைப்பிடியைக் கழற்றத் துணிகிறார்கள். தேவையில்லை. இந்தக் காலின் மேல்முனை, துளை வாயில் தடுத்து நிற்கும் தோள் இல்லாத வெறும் உருளை. கீழ்முனையில் 15 மில்லிமீட்டர் நீளக் கழுந்து, அதாவது படியின் துளைக்குள் இறங்கும் முளை. கைப்பிடியின் அடித்துளையை 20 மில்லிமீட்டர் கூடுதலாக ஆழப்படுத்துங்கள். மேல்முனையை நீட்டாமல் பழைய நீளத்திலேயே கடையுங்கள். காலை முதலில் மேலே முழுக்க ஏற்றி, நேராக நிறுத்தி, கழுந்தைப் படியின் துளைக்குள் இறக்குங்கள். இறங்கி உட்காரும்போது ஒரு சத்தம் வரும். கழுந்தில் கொஞ்சம் பசை, ஆணி வேண்டாம்.

வீட்டாருக்கு இந்தத் தடவை பெயிண்ட் வேண்டாம், பாலிஷ்தான் வேண்டும். நிறம் சேர்ப்பதில் அவசரம் கூடாது. புதிதாகக் கடைந்த தேக்கு வெளிச்சம் பட்டு நிறம் மாறும். இன்று பக்கத்துக் காலோடு பொருந்துகிற சாயம் தை மாதம் பொருந்தாது.

[காட்சி: படிக்கட்டின் ஒன்பதாவது கால், அருகில்.]

"மேல்" என்று எழுதச் சொன்ன காரணம் இதோ. எனக்கு முன் யாரோ மாற்றிய கால் இது. மணிகள் சுத்தம், அளவும் மில்லிமீட்டர் பிசகவில்லை. ஆனால் குடம் தலைகீழாக நிற்கிறது. மாற்றித் தரட்டுமா என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். "பேரப்பிள்ளைகள் படி எண்ணும்போது அதைத்தான் தேடுவார்கள், இருக்கட்டும் அண்ணா" என்றுவிட்டார்.