காலரில் கரி இல்லாத 47 நாட்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'வேலை போன காலத்தில் வீட்டைக் காப்பது சிக்கனமா, ஒளிவுமறைவின்மையா?' என்பது தலைப்பு. சிக்கனமே என்று எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா பாலைக் குறைத்தார், கேபிளை வெட்டினார், பண்டிகைத் துணியைத் தள்ளிப்போட்டார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வேலை போன செய்தி அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று அவராகவே வைத்துக்கொண்டாரே, அது எந்த ஊர் வீடு?

எங்கள் ஊர் கோயம்புத்தூர். என் வீட்டுக்காரர் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் ஒன்பது ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பு வந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காலை ஏழரைக்குச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவார், மாலை ஆறரைக்குத் திரும்புவார். போசி காலியாகத்தான் வரும். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சிலும் நூலகத் திண்ணையிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது சட்டைக் காலர். பவுண்டரிக்காரர் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கரி சோப்புக்கு மசியாது; பிரஷ் போட்டால் நூல்தான் பிரியும். அப்படிப்பட்ட காலர் திடீரென்று வெளுத்தது. புது வாஷிங் மெஷினின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம் நடுவர் அவர்களே, அவருக்கு வேலை போன பதினோராம் நாள், மாதம் 1,850 ரூபாய் தவணையில் நான் மெஷின் வாங்கினேன். பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவர் அவரேதான்! 47-ஆம் நாள் மின்தடை. வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்கினேன். தண்ணீர் கறுக்கவே இல்லை. அன்று மாலை கேட்டேன், சொன்னார்.

இப்போது எதிரணி ஐயாவின் பாலுக்கு வருகிறேன். ஆவின் நீல உறை அரை லிட்டர் 20 ரூபாய். நாளுக்கு ஓர் உறையைக் குறைத்தால் மாதம் 600 ரூபாய் மிச்சம் என்றார். கணக்கு சரிதான். எங்கள் வீட்டுக் கணக்கையும் கேளுங்கள். சம்பளத் தேதியில் என் கையில் சம்பளம் வைக்க வேண்டுமே என்று, அவர் கிரெடிட் கார்டைத் தேய்த்து ஏடிஎம்மில் 18,000 ரூபாய் எடுத்தார். பொருள் வாங்கினால் அந்த அட்டை சில வாரம் வட்டி கேட்காது. ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 630 ரூபாய். ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகளின் பாலை நிறுத்தினாலும் அந்தப் பொய்யின் வட்டிக்கு 30 ரூபாய் குறைகிறது, ஐயா.

அவர் மறைத்தது என்னிடம் மட்டுமல்ல; என் மாமனாரிடமும். மாமனார் பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். கோவையில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில் கதவடைப்பு, செட்டில்மெண்ட் எல்லாம் பார்த்துத் தேறியவர். வேலை போனால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவிலேயே அதிகம் தெரிந்த மனிதர் எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடமே சொல்லாமல் 47 நாட்கள்!

விஷயம் தெரிந்ததும் மாமனார் திட்டவில்லை. "கிராஜுவிட்டி வாங்கினாயா, சாமி?" என்றுதான் கேட்டார். வாங்கவில்லை, கேட்கவே தோன்றவில்லை. ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடை என்றது அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600. அதை மாதத்தின் வேலை நாள் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒன்பது ஆண்டுக்கு 81,000 ரூபாய் என்று காலண்டர் தாளின் பின்னால் போட்டுக் காட்டினார். முப்பது நாளுக்குள் நிறுவனம் கொடுத்திருக்க வேண்டிய பணம். சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பிடித்தம் இருந்ததால், வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை சராசரித் தினக்கூலியில் பாதி தரும் திட்டத்துக்கும் எழுதிப் போடச் சொன்னார். அது வாழ்நாளில் ஒரு முறைதான். வருங்கால வைப்பு நிதியில் முக்கால் பங்கு வரை எடுக்கலாமே என்று நான் ஆசைப்பட்டபோது மட்டும் கையமர்த்தினார்: "அது கடைசிக் குதிர். இப்போது திறக்காதே."

முதல் வேலையாக என் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அட்டைக் கடனை அடைத்தோம். அடகு வட்டி அட்டை வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் பிறகு வந்தது சிக்கனம். இட்லிக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த ரேஷன் அரிசி உலைக்கும் ஏறியது. 30 ரூபாய்த் துவரம்பருப்புக்கும் 25 ரூபாய்ப் பாமாயிலுக்கும் வரிசையில் நின்றேன். சிக்கனத்தை நான் பழிக்கவில்லை. கதவு திறந்த பிறகுதான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது என்கிறேன்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தால் படிப்பு கெடும் என்றார் எதிரணியின் இளம் பேச்சாளர். கவலைப்பட்டார்கள், உண்மை. ஊரெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை, தம்பி. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்கிறேன். பத்தாவது படித்த என் மகள் வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டில் தானாக ஒரு வரி எழுதினாள்: 'அப்பா, டீ, நாளைக்கு மூன்று.' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் முதல் இரண்டு ஆனது. என்னால் பதினைந்து ஆண்டுகளில் முடியாதது அது.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். ஐந்து மாதம் கழித்து அவருக்கு வேறொரு பவுண்டரியில் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதைவிட 2,000 குறைவு. அதை அன்றே, செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார். காலரில் கரி திரும்ப வந்துவிட்டது. மெஷினுக்கு அது போகவில்லை, கையால்தான் கசக்குகிறேன். நன்றி, வணக்கம்.