பிரஷர் மாத்திரை போட்டா சின்னக் குழந்தை வளருமா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "இரட்டைக் குழந்தை, 31 வாரம். பிரஷர் 150/100. ஸ்கேன்ல ஒண்ணு 1600 கிராம், இன்னொண்ணு 1200. மாத்திரையை ஒழுங்காப் போட்டா சின்னது தேறிடுமா?" அருமையான கேள்வி. பாதிப் பேர் அப்படித்தான் நம்பிட்டிருக்காங்க.

மாத்திரையால தேறாதும்மா. அந்த மாத்திரை உங்களுக்கு. லபெட்டலாலோ நிஃபெடிபினோ, பிரஷர் 160/110-க்கு ஏறி மூளையில ரத்தக்கசிவு வராமப் பாத்துக்கும். குழந்தைக்கு ஊட்டம் போறது நஞ்சுக்கொடி வழியா. அதுக்கு ரத்த ஓட்டம் சரியா அமையலைன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறும், குழந்தைக்கு எடை ஏறாது. ரெண்டுக்கும் மூலம் பெரும்பாலும் அங்கதான். சீக்கிரம் இறங்கட்டும்னு நீங்களா ஒரு மாத்திரை கூடப் போட்டுடாதீங்க. பிரஷர் ரொம்ப இறங்கினா நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தமும் குறையும்.

எடைக் கணக்கு: வித்தியாசம் 400. பெரிய குழந்தையோட எடையால வகுக்கணும், 25 சதவீதம். சிலர் சின்னதால வகுத்து 33-ன்னு பதறுறாங்க. 25-ஏ அலட்சியமா விடக்கூடாத அளவுதான். ஸ்கேன் எடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ரெண்டு வாரம் விட்டு எடுத்தா எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும். ரத்த ஓட்டத்தைப் பாக்குற டாப்ளர் ஸ்கேனுக்கு அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்பவே பாக்கணும்.

இவங்க கேட்க மறந்தது ஒண்ணு இருக்கு. நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா? தொடர்ந்து பாக்குறவங்க சிரிப்பீங்க, இரட்டைன்னாலே இதைத்தானே கேட்கறேன்! 11-லிருந்து 14 வாரத்துக்குள்ள எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்கும், தேடிப் பாருங்க. தனித்தனின்னா, சின்னதோட நஞ்சுக்கொடி சரியில்லைன்னு அர்த்தமாகலாம். சின்னதுக்கு ஏதாவது ஆனாலும் மத்ததோட ரத்த ஓட்டம் தனி. அதனால நல்லா இருக்குறதை அவசரப்பட்டு வெளியே எடுக்க டாக்டர் தயங்குவார். ஒண்ணுன்னா, பிரஷர் இல்லாமலேகூட ஒண்ணு சின்னதாகும், பங்கு சமமா விழாததால. ரத்தக்குழாய்கள் இணைஞ்சிருக்கும். சின்னது இறந்தா மத்ததோட ரத்தம் அந்தப் பக்கம் இறங்கி, மூளை பாதிக்கலாம், உயிரும் போகலாம். ஒரே 1200 கிராம்தான், முடிவு வேற வேற.

கர்ப்பத்துல பிரஷர் வராமத் தடுக்கக் கொடுக்குற ஆஸ்பிரினை இப்பத் தொடங்கலாமான்னும் கேட்டிருக்காங்க. அது 12 வாரத்துல, தள்ளிப்போனா 16-க்குள்ள தொடங்க வேண்டியது. 31-ல புதுசாப் போட்டுப் பலனில்லை. சிறுநீர்ல புரதம் பாத்தாச்சான்னு கேளுங்க. விடாத தலைவலி, கண்ணுல மின்னல், வலது விலாவுக்குக் கீழ வலி, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பாக்காமக் கிளம்பிடுங்க.